சிலம்பப் பயிற்சியில் நேரப் பங்கீடு

சிலம்பம் பயில்வோர் பலர் கம்பு வீச்சிலேயே நேரத்தைச் செலவிடுகின்றனர். காண்போர் கைதட்டுவது அதற்குத்தானே! கருமத்தம்பட்டியில் கல்லூரி விட்டு வந்து, தந்தையாருக்குத் துணையாக விசைத்தறியில் நிற்குமுன் எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரமே. நானும் அதனை அவ்வாறே செலவிட்டேன். ஒரு போட்டியில் எதிராளியின் கம்பு மும்முறை என்னைத் தொட்டது, தோற்றேன். கை சுழன்றது, கால் நகரவில்லை.

காலடி, வீச்சு, அடி, தடுப்பு ஆகிய நான்கிற்கும் நேரத்தை எவ்வாறு பங்கிடுவது? 1979-இல் ஷே, மார்கன் என்னும் ஆய்வாளர்கள் மூன்று வகைக் கையசைவுகளை இரு குழுவினருக்குப் பயிற்றினர். ஒன்றை முடித்தபின் அடுத்ததைப் பழகியோர் பயிற்சியின்போது விரைந்து செய்தனர். ஆனால் 10 நாள் கழித்துச் சோதித்தபோது, மாற்றி மாற்றிப் பழகியோரே சிறந்து நின்றனர்.

ஆகவே இப்போது முதல் 20 நிமிடம் காலடி மட்டும். மற்ற மூன்றிற்கும் அதுவே அடிப்படை. அடுத்த 30 நிமிடம் அடியும் தடுப்பும் மாறி மாறி, கால் நகர்த்தியபடியே. இறுதி 10 நிமிடமே வீச்சு. தொடக்கத்தில் தடுமாற்றம் மிகும்; அஞ்ச வேண்டா.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி கண்ட முதல் ஆள் நான். தேர்வுக்கு அமரும்போதும் தெரிந்த பாடத்தையே திருப்பிப் படிக்க மனம் நாடுகிறது. நண்பர்களே, உங்களுக்கும் அப்படித்தானே?