விண்மீனின் துடிப்பைப் படிக்கும் முன்

எந்த விண்மீனையும் வெட்டிப் பார்க்க முடியாது. உள்ளே கொதிக்கும் வாயு எழுப்பும் ஒலியலைகளால் அதன் வெளிச்சம் இம்மியளவு கூடிக் குறையும். அந்தத் துடிப்பை வைத்துத்தான் உட்புறத்தைக் கணிக்கிறோம். கெப்ளர், டெஸ் தொலைநோக்கிகளின் டேட்டா இணையத்தில் இலவசம். இன்றே இறக்குங்கள், ஆனால் கருவியின் கோளாறை விண்மீனின் குரல் என்று நம்பி மாதக்கணக்கை வீணாக்காதீர்கள்.

செய்ய வேண்டியவை

• விண்மீனுக்கு ஏற்ற டேட்டாவை எடுங்கள். சூரியன் போன்றவை சுமார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை துடிக்கும். கெப்ளரின் 30 நிமிட டேட்டாவில் அது பிடிபடாது, 1 நிமிட டேட்டா வேண்டும். அது எல்லா விண்மீனுக்கும் கிடையாது, முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பு ராட்சத விண்மீன்கள் துடிக்க மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஆகும். அவற்றுக்கு 30 நிமிடமே தாராளம்.

• நீண்ட பதிவைத் தேடுங்கள். நெருங்கி நிற்கும் அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டுவது அதுதான். கெப்ளர் ஒரே வானப் பகுதியை 4 ஆண்டுகள் பார்த்தது. டெஸ் ஒரு பகுதிக்கு ஒரு தடவையில் ஒதுக்குவது சுமார் 27 நாள்.

• பிக்சல் படத்தைத் திறந்து பாருங்கள். டெஸ்ஸின் ஒரு பிக்சல் 21 ஆர்க்செகண்ட் அகலம்; பக்கத்து விண்மீனின் துடிப்பும் உள்ளே நுழைந்துவிடும்.

• வெப்பநிலையை நிறமாலையிலிருந்து எடுங்கள். அது பிசகினால் நிறையும் ஆரமும் பிசகும்.

செய்யக்கூடாதவை

• அதிர்வெண் வரைபடத்தில் உயரமான முகட்டைக் கண்டதும் துள்ளாதீர்கள். கெப்ளரின் 1 நிமிட டேட்டாவில் 566 மைக்ரோஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் நிற்பவை கருவியின் வேலை.

• தரையில் ஒரே இடத்திலிருந்து எடுத்த பதிவை மட்டும் நம்பாதீர்கள். பகலும் இரவும் குறுக்கிட்டு, ஒவ்வொரு முகட்டுக்கும் 11.6 மைக்ரோஹெர்ட்ஸ் தள்ளிப் போலிகள் முளைக்கும். சூரியனை விடாமல் பார்க்க காங் வலையமைப்பு உலகைச் சுற்றி 6 நிலையங்கள் வைத்திருப்பது இதற்காகத்தான். ஒன்று நம் உதய்ப்பூரில்.

• ஃபில்டரை அளவுக்கு மீறிப் போடாதீர்கள். கோள் தேடுபவர்களின் ஃபில்டர், ராட்சத விண்மீனின் மெதுவான துடிப்பையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

• வெளித்தோற்றத்தை வைத்து மையத்தைத் தீர்மானிக்காதீர்கள். ஒரே நிறம், ஒரே வெளிச்சம் உள்ள இரண்டு சிவப்பு ராட்சத விண்மீன்களில், ஒன்று மையத்தைச் சுற்றிய ஓட்டில் ஹைட்ரஜனை மட்டும் எரித்துக்கொண்டிருக்கும். மற்றது மையத்திலேயே ஹீலியத்தை எரிக்கத் தொடங்கியிருக்கும். 2011-ல் வானியலாளர் டிம் பெடிங்கின் குழுவினர் கெப்ளர் டேட்டாவில் இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். மையத்தில் மிதப்பலையாகவும் வெளியடுக்கில் ஒலியலையாகவும் ஓடும் கலப்பு அதிர்வுகளின் கால இடைவெளி முதல் வகையில் சுமார் 50 விநாடி, இரண்டாவதில் 100 முதல் 300 விநாடி. இந்தத் துறையில் இதைவிட அழகான அளவீடு எனக்குத் தெரியாது. அதை எடுக்காமல் பரிணாம நிலையைச் சொல்லாதீர்கள்.

• சூரியனின் அடுத்தடுத்த ஒலி அதிர்வெண்களுக்கு இடையிலான 135 மைக்ரோஹெர்ட்ஸ் இடைவெளியை அளவுகோலாக வைத்துக் கிடைத்த நிறையைத் திருத்தாமல் வெளியிடாதீர்கள். ராட்சத விண்மீன்களில் அந்த அளவுகோல் நிறையைக் கூடுதலாகக் காட்டும்.