அளவறிந்து உண்க, நாள்தோறும் நடக்க



சில ஆண்டுகட்கு முன் வைகாசிப் பூரணையன்று, பெங்களூரில் அன்பர் ஒருவர் இல்லத்தில் பாயில் அமர்ந்து, உணவில் அளவறிதலைப்பற்றி ஒரு மணி நேரம் போதித்தோம். முடிந்து எழ முயன்றபோது முழங்கால்கள் இடந்தரவில்லை. இளைஞர் இருவர் கைகொடுத்துத் தூக்கினர். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் நமது உரைக்கு மாறாக நமது உடலே சாட்சி சொல்லிற்று.

காரணம் எளிது. பருத்தி ஆலையில் இயந்திரங்களுக்கிடையே இரவு பகலாக நின்றும் நடந்தும் உழைத்த காலத்தில் உண்ட சோற்றளவையே, அமர்ந்து போதிக்கும் பணிக்கு வந்தபின்னும் உண்டுவந்தோம். உழைப்புக் குறைந்தது; கவளம் குறையவில்லை. மருத்துவர் சோதித்து, இரத்தத்தில் சர்க்கரை மிகுந்துள்ளதென்றார். உறவினரோ, "தலையெழுத்து" என்றனர்.

தலையெழுத்தென்பதைத் தம்மம் ஒப்புக்கொள்கிறதா? மோலிய சீவகர் என்னும் பரிவிராஜகர், மனிதன் நுகரும் இன்பதுன்பமெல்லாம் முன்வினையின் பயனேயென்று சிலர் கூறுவதுபற்றிப் பகவானிடம் வினவினார். பகவான் அதனை ஏற்கவில்லை. பித்தம், சிலேத்துமம், வாதம், இவற்றின் கலப்பு, பருவமாறுதல், தவறான நடைமுறை, பிறரால் நேரும் ஊறு, வினைப்பயன் எனக் காரணங்கள் எட்டென்றார். எட்டில் வினை ஒன்றே. பல்லாண்டு பஞ்சுத்தூசை மூச்சில் இழுத்த தொழிலாளிக்கு, விடுமுறை கழிந்து ஆலைக்குள் நுழைந்ததும் நெஞ்சு இறுகுகிறதே, அது முற்பிறப்பின் வினையா? தூசின் வினையன்றோ! ஆகவே நீங்காத இருமலை முதுமையென்று விட்டுவிடாது மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

வேறு சிலர், "உடல் அநித்தியம், அதைப் பேணுவானேன்?" என்பர். இதுவும் பிழை. உடலை வாட்டும் கடுந்தவத்தைப் பகவான் தாமே ஆறாண்டு செய்து பார்த்துக் கைவிட்டார். உடல் தளர்ந்தால் தியானமும் தளருமென்று கண்டே மத்திம மார்க்கத்தைத் தேர்ந்தார்.

அளவறிதலுக்குக் கோசல மன்னன் பசேனதியின் கதையே போதும். துரோண அளவு சோறுண்டு, மூச்சு வாங்க வந்து அமர்ந்த அரசனைக் கண்ட பகவான், நினைவோடு அளவறிந்து உண்பவனுக்கு நோவு குறையும், மூப்பு மெல்ல வரும் என்னும் பொருளுடைய காதையொன்றைச் சொன்னார். அரசன் சுதர்சனன் என்னும் இளைஞனைக்கொண்டு உணவு வேளைதோறும் அதனை ஓதச்செய்தான். படிப்படியாகக் குறைத்து ஒரு நாழிச் சோற்றில் நின்றான், உடலும் இலேசாயிற்று. நமது இல்லங்களில் அந்தச் சுதர்சனன் யார்? மனைவியாயினும் மகளாயினும், "போதும்" என்று சொல்பவரைக் கோபியாதிருப்போமாக.

நடையின் பயன் ஐந்தென்றும் பகவான் அருளினார்: நெடுவழி செல்லும் ஆற்றல், முயற்சிக்கு வேண்டும் ஆற்றல், நோய்க்குறைவு, உண்டது செரித்தல், நடைத்தியானத்தில் பெற்ற மனவொருமை நெடிது நிற்றல். இன்றைய மருத்துவமும் இவ்வழியே செல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிகளின்படி, மூத்தோர் வாரந்தோறும் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமாக உடலை இயக்கவேண்டும். இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாளேனும் தடுமாறாது நிற்கும் பயிற்சியும் வேண்டும்.

இனிச் செய்யத்தக்கவை:

1. நாளைக்கு அரைமணி, வாரம் ஐந்து நாள் நடக்க. லால்பாக்கும் கப்பன் பூங்காவும் அல்சூர் ஏரிக்கரையும் நமக்கு உண்டு. அவை தொலைவாயின், வீட்டு முற்றத்திலேயே நடைத்தியானம் செய்யலாம். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ தோன்றின் உடனே நின்று மருத்துவ உதவி நாடுக.

2. நாற்காலியினின்று, இயன்றால் கையூன்றாது, பத்துமுறை எழுந்து அமர்க. சுவரருகே ஒற்றைக்காலில் சிறிது நிற்க. முதியோர் பலர் படுக்கையில் வீழ்வதற்குக் காரணம் தடுக்கி விழுதலே.

3. கேழ்வரகுக் களி நல்லது; அதில் சுண்ணாம்புச்சத்து அரிசியினும் பன்மடங்கு உண்டு. ஆயினும் சர்க்கரை நோயுள்ளவர்க்குக் களிக்கும் அளவு உண்டு. பருப்பும் கீரையும் மிகுக. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் நிற்க.

4. ஐந்தாம் சீலம் காக்க. மதுவை விட்டவர் புகையிலையையும் விடுக.

5. உபோசத நாளில் நண்பகலுக்குப்பின் உண்ணாமை சிறந்த விரதமே. ஆனால் சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ கொள்பவர் மருத்துவரைக் கேளாது அதனை மேற்கொள்ளலாகாது. மயங்கி விழுதல் சீலமன்று.

இவையெல்லாம் செய்தாலும் மூப்பு வாராதிராது. எண்பதாம் ஆண்டில் பகவான் தமது உடலைக் கட்டுக்களால் ஓடும் பழைய வண்டிக்கு ஒப்பிட்டார். முதுமையும் பிணியும் உற்று வந்த நகுலபிதா என்னும் இல்லறத்தாருக்கு, உடல் நோயுறினும் உள்ளம் நோயுறாதிருக்கப் பயில்க என்றார். உடலைப் பேணுதல் இந்தப் பயிற்சிக்காகவே, சாவாதிருப்பதற்கன்று.

சென்ற வைகாசிப் பூரணையில் நாம் மீண்டும் பாயில் அமர்ந்து போதித்தோம். ஒரு கை தரையில் ஊன்றி, தாமே எழுந்தோம். கைகொடுக்க வந்த இளைஞர் புன்னகைத்து நின்றனர். அவர்களும் ஒருநாள் முதியோராவர்; இன்றே நடக்கத் தொடங்குவார்களாக.

யாவரும் நலமுறுக.