சொல்பவனுக்குத் தெரிந்த அளவு

சிரஞ்சீவி தம்பிக்கு,

நீ அனுப்பிய கதை வந்து சேர்ந்தது. நிதானமாகப் படித்துப் பார்த்தேன். முன்பற்கள் ஆட்டங்கண்டு, ஊதுகிற வன்மை நாளுக்கு நாள் குறைந்துவருவதை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளாமல், வாலிபம் தொட்டு வாசித்துவந்த கோவிலில் இந்த வருஷமும் சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் போய் நிற்கிற நாயனக்கார வித்வானைக் கதாநாயகராக நீ தேர்ந்தெடுத்தாயே, அதற்காக முதலில் உன்னைப் பாராட்டுகிறேன். விஷயம் உயர்ந்தது. அது வீணாகிவிடக் கூடாதே என்ற கவலையினால்தான் இவ்வளவு விஸ்தாரமாக எழுதுகிறேன்.

முதல் பக்கத்தில் வித்வானுடைய மனசுக்குள் புகுந்து அவருடைய அச்சத்தைச் சொல்கிறாய். அடுத்த பக்கத்தில் தவில்காரர் அவரைப் பற்றி அந்தரங்கமாக என்ன எண்ணுகிறார் என்று தெரிவிக்கிறாய். பிறகு தர்மகர்த்தாவின் உள்ளம், அதற்குப் பிறகு வித்வானுடைய மகனின் உள்ளம். இப்படி எல்லோருடைய நெஞ்சமும் திறந்து கிடப்பதனால், வாசகன் தானாக ஊகித்து, தானாக வருந்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விடுகிறது. உன் நடையில் குற்றமில்லை, பாத்திரங்களிலும் குற்றமில்லை. இந்தக் கதையைச் சொல்பவன் யார், அவன் எங்கே நிற்கிறான், அவனுக்கு எவ்வளவு தெரியும் என்பதைத் தீர்மானிப்பதற்கு முன்பே நீ பேனாவை எடுத்துவிட்டாய்.

வ.வே.சு. ஐயர் 1915-ல் 'விவேகபோதினி'யில் எழுதிய 'குளத்தங்கரை அரசமரம்' கதையை நீ படித்திருப்பாய். இன்னொரு முறை இந்தக் கண்ணோடு படி. கதை சொல்வது மரம். அது வேரூன்றிய இடத்தைவிட்டு நகர முடியாது; குளத்தங்கரையில் நடப்பதைப் பார்க்கலாம், அங்கே வருகிறவர்கள் பேசுவதைக் கேட்கலாம், அவ்வளவுதான். கதாநாயகி ருக்மிணியின் தகப்பனார் அர்பத்நாட் கம்பெனி முறிந்ததில் பணத்தை இழந்ததும், அதன் பிறகு புக்ககத்தார் மனம் மாறியதும் எல்லாம் ஊர்ப் பேச்சாகவே அதன் காதுக்கு எட்டுகின்றன. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் அது நேராகக் கேட்டுவிடுகிறது. ருக்மிணியின் கணவன் நாகராஜன், தான் இரண்டாம் கல்யாணத்துக்கு இசைந்தது வெறும் பாவனைதான் என்ற ரகசியத்தைத் தன் சிநேகிதனிடம் வெளியிடுகிறான். அந்த உண்மை ருக்மிணிக்குத் தெரியாது. தெரிந்த மரத்துக்கோ வாயில்லை. அந்தப் பெண் குளத்தை நோக்கிப் போகிறபோது நமக்கு உண்டாகிற பதைப்பு, மரத்தின் அறிவுக்கும் அதன் ஊமைத்தனத்துக்கும் நடுவில் நாமும் அகப்பட்டுக்கொள்வதனால் உண்டாவது. அவளுடைய மனத்துக்குள் ஐயர் புகுந்து பத்துப் பக்கம் எழுதியிருந்தாலும் இந்தப் பதைப்பு கிடைத்திராது. தாகூர் 1884-லேயே நதிக்கரைப் படித்துறை ஒன்றைப் பேசவைத்து ஒரு கதை எழுதியிருக்கிறார், ஐயருக்கு அதுதான் தூண்டுகோல் என்பார்கள். இருக்கட்டுமே. கல்லையோ மரத்தையோ பேசவைப்பது எவருக்கும் தோன்றக்கூடிய யுக்திதான். அதன் அறிவுக்கு ஓர் எல்லை வகுத்து, அந்த எல்லையிலிருந்தே துயரத்தை விளைவிப்பது கலைஞனால்தான் ஆகும்.

கு.ப. ராஜகோபாலனின் 'விடியுமா?'வையும் பார். புருஷன் அபாய நிலையில் இருப்பதாகத் தந்தி வந்து, இரவு ரயிலில் சென்னைக்குப் பிரயாணம் செய்கிற பெண்ணின் கதையை அவள் சொல்லவில்லை, உடன்பிறந்தவன் சொல்கிறான். அவள் முகத்தை அவன் பார்க்கலாம். அவள் நெஞ்சைப் பார்க்க முடியாது. நாமும் அந்த வண்டியில் உட்கார்ந்து, அவனைப் போலவே தவித்துக்கொண்டு, விடிகிற வரையில் காத்திருக்கிறோம்.

அப்படியானால் எல்லாம் அறிந்தவராக நின்று கதை சொல்வது பிழையா என்று நீ கேட்கக்கூடும். பிழையல்ல. கல்கி 1950 முதல் வாரந்தோறும் எழுதிய 'பொன்னியின் செல்வ'னில், வாசகரோடு கூடவே பேசிக்கொண்டு, அரண்மனைக்கும் பாதாளச் சிறைக்கும் தங்குதடையின்றிப் போய்வருகிறார். அத்தனை பாத்திரங்களும் அத்தனை சூழ்ச்சிகளும் நிறைந்த பெரிய சரித்திர நாவலுக்கு அந்த முறைதான் பொருந்தும். ஒரே இரவில், ஒரே வீதியில், ஒரே மனிதருக்கு நேர்கிற நஷ்டத்தைச் சொல்ல வந்த உன் சிறுகதை அதைத் தாங்காது.

உன் கதையில் ஒத்துக்காரப் பையன் ஒருவன் வருகிறான். அவனுக்கு நீ கொடுத்திருப்பது இரண்டே வரிகள். அவனிடம் கதையை ஒப்படைத்துப் பார். வித்வானுக்குப் பக்கத்திலேயே நின்று ஒத்து ஊதுகிறவன். வாய் ஒத்தில் இருப்பதனால் பேச முடியாது. கண் மாத்திரம் அவர்மேலேயே இருக்கும். பல் விஷயம் அவனுக்குத் தெரியாது. வழக்கமாக, நாயனத்தில் செருகி ஊதுகிற சீவாளி ஒன்றிலேயே வீதி முழுவதும் வாசித்து முடிக்கிறவர், இன்றைக்குக் கீழ வீதி திரும்புவதற்குள் மூன்று சீவாளி மாற்றிவிட்டார் என்பது தெரியும். மேல வீதி முனையில் சுவாமியை நிறுத்தி விஸ்தாரமாக ஆலாபனை செய்கிறவர், நாலு பிடி பிடித்துவிட்டு உதட்டைத் துண்டால் ஒற்றிக்கொண்டு தவிலுக்கு விட்டதும் தெரியும். தவில்காரர் அவரை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, கூட்டம் அலுத்துக்கொள்கிறவரை தனியை நீட்டிக்கொண்டே போகிறார். தவில்காரரின் நல்ல மனசைப் பற்றி நீ எழுதியிருக்கிற முக்கால் பக்கம் இனி வேண்டாம். அந்த நீண்ட தனி போதும். பையனோ சீவாளிதான் கெட்டுப்போயிற்று, விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று தீர்மானித்து, மறுநாள் தன் கைக்காசைப் போட்டுக் காவேரிக் கரை நாணலில் செய்த நல்ல சீவாளியாகப் பார்த்து வாங்கி வரப் புறப்படட்டும். அவன் அறியாததை வாசகன் அறிவான்.

திருத்துகிறபோது ஒரு காரியம் செய். கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே, இது பையனுக்கு எப்படித் தெரிந்தது என்று பென்சிலால் எழுது: கண்டதா, கேட்டதா, ஊகித்ததா? விடை கிடைக்காத வாக்கியம் எவ்வளவு அழகாயிருந்தாலும் அடித்துவிடு. ஆறாம் பக்கத்தில் நிலவைப் பற்றி எழுதியிருக்கிறாய். தீவட்டி வெளிச்சத்தில் நிற்கிற பையனுக்கு அந்த நிலவு கண்ணில் படாது.

அவனுடைய வயசை மட்டும் உன் பொறுப்பில் விடுகிறேன். பன்னிரண்டு என்று வைத்தால் அவன் அறியாமை இயல்பாக அமையும். பதினெட்டு என்று வைத்தால், நாயனம் பிடிக்கிற நாளுக்காகக் காத்திருக்கிறவன், குருவின் தளர்ச்சியில் தனக்கும் ஓர் ஆதாயம் உண்டு என்பதை அரைகுறையாக உணர்ந்தவனாவான். அப்போது சீவாளி வாங்கப் போகிறானா இல்லையா என்பதே வேறு கதையாகிவிடும். இரண்டையும் எழுதிப் பார்த்து, உன் மனசுக்கு எது சரியென்று படுகிறதோ அதை அனுப்பு.

இப்படிக்கு,
உன் மாமா