கழலாத சேம்பர்: பட்டறையிலிருந்து ஓர் அறிவியல் பாடம்

காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையில் தறியின் ஓசையும் பேருந்தின் ஓசையும் சேர்ந்தே கேட்கும். பட்டு நெசவாளர் குடும்பங்கள் வாழும் இப்பகுதியில்தான் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையும் இருக்கிறது. இதே மாவட்டத்தின் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் உற்பத்தியாகின்றன. ஆகவே இங்குள்ள ஒரு வகுப்பறையில் நெசவாளியின் மகளும் மெக்கானிக்கின் மகனும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருப்பது இயல்பு. அவர்கள் வீட்டில் நாள்தோறும் நடக்கும் வேலைகளில் விசை, உராய்வு, திருப்புத்திறன் எல்லாம் இருக்கின்றன. அவற்றை வகுப்புக்குள் கொண்டுவர ஓர் எடுத்துக்காட்டாக, கார் எஞ்சினின் அடியில் ஒட்டிக்கொண்டு கழல மறுக்கும் எண்ணெய்த் தொட்டியை எடுத்துக்கொள்வோம்.

சேம்பர் என்றால் என்ன?

எஞ்சினின் அடிப்பகுதியில் கிண்ணம்போல் பொருத்தப்பட்டிருக்கும் எண்ணெய்த் தொட்டியைப் பாடநூல்கள் ஆயில் சம்ப் என்கின்றன. நம் ஊர்ப் பட்டறைகளில் அதன் பெயர் ‘சேம்பர்’. சிறிய கார்களில் இதில் ஏறத்தாழ 3 முதல் 4 லிட்டர் எண்ணெய் இருக்கும். எண்ணெய்ப் பம்பு, வலை பொருத்திய உறிஞ்சு குழாய் வழியாக இந்த எண்ணெயை எடுத்து எஞ்சினின் எல்லாப் பாகங்களுக்கும் அனுப்புகிறது. வேலை முடித்த எண்ணெய் வழிந்து மீண்டும் சேம்பருக்கே வந்து சேர்கிறது.

சேம்பரின் விளிம்பைச் சுற்றி வரிசையாகச் சிறு போல்ட்டுகள் இருக்கும். விளிம்புக்கும் எஞ்சினுக்கும் இடையே எண்ணெய் கசியாதிருக்க ஒரு பேக்கிங் இருக்கும். இன்றைய கார்கள் பலவற்றில் பேக்கிங்குக்குப் பதிலாகச் சிலிக்கான் பசை தடவப்படுகிறது. சேம்பர் கல்லில் இடித்து நசுங்கினாலோ, விளிம்பில் எண்ணெய் கசிந்தாலோ, உள்ளிருக்கும் வலை அடைத்துக்கொண்டாலோ அதைக் கழற்றியாக வேண்டும்.

கழலவில்லை என்றால் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

எல்லாப் போல்ட்டுகளையும் கழற்றிய பிறகும் சேம்பர் அசையாமல் நிற்பது பட்டறையில் அடிக்கடி நிகழ்வது. புதிதாக வேலை பழகுபவர் உடனே பெரிய ஸ்குரூ டிரைவரைச் சந்தில் நுழைத்து நெம்பத் தொடங்குவார். அனுபவமுள்ளவர் முதலில் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வார்.

1. இன்னும் எங்காவது கட்டியிருக்கிறதா? எண்ணெயும் மண்ணும் படிந்து மூடிய ஒரு போல்ட், கிளட்ச் பக்கம் உள்ளடங்கி இருக்கும் ஒரு போல்ட் கண்ணில் படாமல் போகலாம். அது ஒன்று போதும், எவ்வளவு இழுத்தாலும் சேம்பர் வராது. விளிம்பைத் துடைத்து, போல்ட்டுகளையும் துளைகளையும் எண்ணிச் சரிபார்க்க வேண்டும்.

2. ஒட்டியிருக்கிறதா? போல்ட் எதுவும் இல்லையென்று உறுதியான பிறகும் அசையவில்லை என்றால் பிடித்திருப்பது பசை. ஒட்டை அறுக்க வேண்டும், இழுக்கக் கூடாது.

3. எதிலாவது இடிக்கிறதா? ஒட்டு விட்டு, சேம்பர் ஒரு விரல் அளவு இறங்கி நின்றுவிட்டால் தடை வேறு. உள்ளே உறிஞ்சு குழாயிலோ, வெளியே புகைக்குழாயிலோ, சட்டத்தின் குறுக்குத் தண்டிலோ அது இடித்துக்கொண்டிருக்கும். சாய்த்தோ, திருப்பியோ, இடிக்கும் பாகத்தை விலக்கியோதான் எடுக்க முடியும்.

கட்டு, ஒட்டு, இடிப்பு என்னும் இந்த மூன்றில் ஒவ்வொன்றுக்கும் தீர்வு தனித்தனி. ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் பாகம் உடையும். பாவு நூல் சிக்கிக்கொண்டால் நெசவாளி இழுப்பதில்லை. எங்கே சிக்கியிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார். இழுத்தால் சிக்கு இறுகும், அல்லது இழை அறும்.

நேராக இழுத்தால் ஏன் வராது?

இதை ஒரு கணக்காகவே வகுப்பில் செய்யலாம். சேம்பர் விளிம்பின் மொத்தச் சுற்றளவு 120 செ.மீ., அகலம் 1.5 செ.மீ. என்று கொள்வோம். ஒட்டிய பரப்பு 180 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ. பசையும் 100 நியூட்டன் விசையைத் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், முழுப் பரப்பையும் ஒரே நேரத்தில் நேராகப் பிரிக்க 18,000 நியூட்டன் விசை தேவை. இது ஏறத்தாழ 1,800 கிலோகிராம் நிறையைத் தூக்கும் விசை. ஒரு சிறிய காரையே தூக்கிவிடலாம்!

அதே ஒட்டை ஒரு மூலையிலிருந்து பிரித்தால் அந்த நொடியில் எதிர்ப்பது அந்தச் சிறு கோடு மட்டுமே. கல்லில் ஒட்டிய தோசையை நடுவில் பிடித்து யாரும் மேலே இழுப்பதில்லை. தோசைத் திருப்பியை ஓரத்தில் நுழைத்துச் சுற்றிலும் கொடுத்து வந்தால் தோசை தானே எழும். சேம்பருக்கும் இதே வழிதான். பட்டி பார்க்கும் தகடுபோன்ற மெல்லிய தகட்டை விளிம்புச் சந்தில் வைத்து, சுத்தியலால் மெல்லத் தட்டி உள்ளே செலுத்தி, பிறகு பக்கவாட்டில் தட்டித் தட்டி ஒட்டை அறுத்துக்கொண்டே போக வேண்டும். ரப்பர் சுத்தியலால் மூலைகளைப் பக்கவாட்டில் தட்டுவதும் ஒட்டைத் தளர்த்தும்.

ஸ்குரூ டிரைவரால் நெம்புவது ஏன் தவறு? நெம்புகோல் விசையைப் பெருக்கி ஒரே புள்ளியில் கொடுக்கிறது. எஞ்சினின் அடிப்பகுதி அலுமினியமாக இருந்தால் அந்தப் புள்ளியில் பள்ளம் விழும். சேம்பர் தகரமாக இருந்தால் விளிம்பு வளையும். நாளை எண்ணெய் கசியப்போவது அந்த இடத்தில்தான். நெம்புவதற்கென்றே தடித்த இடம் விட்டு வார்க்கப்பட்ட சேம்பர்களில் அந்த இடத்தில் மட்டும் நெம்பலாம்.

சில எஞ்சின்களில் சேம்பர் விளிம்பில் மறையுள்ள வெற்றுத் துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட்டை முடுக்கினால் அதன் நுனி எஞ்சினை அழுத்த, சேம்பர் கீழே தள்ளப்படும். 6 மி.மீ. போல்ட் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். 10 செ.மீ. நீள ஸ்பேனரைப் பிடித்த கை ஒரு சுற்றில் 628 மி.மீ. பயணம் செய்கிறது. உராய்வு இல்லையென்றால் விசை 628 மடங்காகும். உண்மையில் பெரும்பகுதியை உராய்வு எடுத்துக்கொள்ளும். ஆனாலும் மிஞ்சுவது ஒட்டை விடுவிக்கப் போதும். இரு பக்கமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்குவது முக்கியம்.

வேலையின் ஒழுங்கு

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, ஜாக்கியால் தூக்கிய பின் உறுதியான தாங்கிகளின் மேல் அமர்த்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைந்தவர்கள் உயிரிழந்ததுண்டு. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது எண்ணெயின் பாகுநிலை குறைந்து நன்றாக வடியும். கொதிக்கும் சூட்டில் திறந்தால் கை வெந்துபோகும். போல்ட்டுகளைக் கழற்றும்போது எதிரெதிர் மூலைகளில் இரண்டைச் சில மறைகள் மட்டும் தளர்த்தி விட்டுவைப்பார்கள். ஒட்டு திடீரென விட்டாலும் சேம்பர் முகத்தில் விழாது.

திரும்பப் பூட்டும்போது பழைய பசையை முழுவதும் நீக்கி, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, புதுப் பசையைத் துளைகளின் உட்புறமாக அறுபடாத ஒரே கோடாக இட வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றுகளில் முடுக்க வேண்டும். ஒரு மூலையை முதலிலேயே இறுக்கினால் மறுமூலை தூக்கிக்கொள்ளும். பசை உறைய அதன் உறையில் குறிப்பிட்ட நேரம் கொடுத்த பிறகே எண்ணெய் ஊற்ற வேண்டும்.

இந்தச் சிறு போல்ட்டுகளுக்குத் தேவைப்படும் முறுக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர். 10 செ.மீ. ஸ்பேனரில் 100 நியூட்டன் விசை கொடுத்தால் அது கிடைத்துவிடும். அதே விசையை 40 செ.மீ. கைப்பிடியில் கொடுத்தால் 40 நியூட்டன் மீட்டர், மறை அறுந்துபோகும். பத்தாம் வகுப்பின் ‘இயக்க விதிகள்’ பாடத்தில் வரும் விசையின் திருப்புத்திறனுக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு கிடைப்பது அரிது.

வகுப்பறைச் செயல்பாடுகள்

மாணவர்களை வண்டிக்கு அடியில் அனுப்ப வேண்டியதில்லை, அனுப்பவும் கூடாது. காயலான் கடையில் கிடைக்கும் பழைய சேம்பர் ஒன்றை நன்கு கழுவித் துடைத்து வகுப்புக்குக் கொண்டுவந்தால் போதும்.

தொடக்கநிலை: மேசையில் ஒட்டும் நாடாவை ஒட்டி, ஓரத்திலிருந்து உரிக்கச் செய்யுங்கள். பிறகு இரண்டு அட்டைகளை மைதாப் பசையால் ஒட்டிக் காயவைத்து, நேராக இழுத்தும் மூலையிலிருந்து பிரித்தும் பார்க்கட்டும். எது எளிது, ஏன் என்று தங்கள் சொற்களில் சொல்லட்டும்.

நடுநிலை: செங்கோண முக்கோணக் காகிதத்தைப் பென்சிலில் சுற்றி, திருகு என்பது சுற்றப்பட்ட சாய்தளமே என்பதைக் கண்டறியச் செய்யுங்கள். எட்டாம் வகுப்பில் பாகுநிலையைக் கற்பிக்கும்போது, வெந்நீரில் வைத்த எண்ணெயும் வைக்காத எண்ணெயும் ஒரே புனலில் வடியும் நேரத்தை அளந்து ஒப்பிடலாம்.

உயர்நிலை, மேல்நிலை: பழைய சேம்பரின் அடியில் தங்கும் பொருள்களைப் பற்றி உரையாடுங்கள். மின்னும் துகள்கள் காந்தத்தில் ஒட்டினால் அவை இரும்பு. ஒட்டாவிட்டால் அலுமினியம் அல்லது பேரிங் உலோகமாக இருக்கலாம். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவில் அடிப்படைத் தானியங்கி ஊர்திப் பொறியியல் படிக்கும் மாணவர்களைக் கொண்டே பத்தாம் வகுப்புக்கு இதை விளக்கச் செய்யலாம். தொழிற்பிரிவு மாணவர் அறிவியல் வகுப்பின் முன் ஆசிரியராக நிற்கும் அந்த ஒரு பாடவேளை, அவரைப் பற்றிப் பிறர் எண்ணுவதையும் தன்னைப் பற்றி அவரே எண்ணுவதையும் மாற்றும்.

கழிவு எண்ணெய் பற்றியும் பேசுங்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின்கீழ் அது வருகிறது. சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றினால் அது நிலத்தடி நீரைச் சேரும். பாலாற்றை நம்பியிருக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தொலைவில் நடக்கும் செய்தியன்று.

நகராத மாணவருக்கும் இதே மூன்று கேள்விகள்

படிப்பில் நகராமல் நிற்கும் மாணவரைக் கண்டால் நமக்கும் முதலில் தோன்றுவது இன்னும் கொஞ்சம் அழுத்தம் கொடுப்பதுதான். கூடுதல் வீட்டுப்பாடம், கூடுதல் கண்டிப்பு. அதற்குமுன் கேட்டுப் பார்க்கலாம். கண்ணில் படாத கட்டு ஏதேனும் உண்டா? கரும்பலகை தெரியாத பார்வைக் குறை, காலையில் உண்ணாத வயிறு, சொல்ல அஞ்சும் ஒரு துயரம்? முன் வகுப்பிலேயே ஒட்டிக்கொண்ட தவறான புரிதல் உண்டா? கடன் வாங்கிக் கழிப்பதில் மூன்றாம் வகுப்பில் ஏற்பட்ட குழப்பத்தை ஏழாம் வகுப்பில் ஓரத்திலிருந்துதான் அறுத்துவர வேண்டும். அல்லது எதிலாவது இடிக்கிறதா? தறியே வீட்டின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும் குடும்பத்தில், புத்தகத்தை விரித்து உட்கார இடமில்லாத பிள்ளைக்கு மாலையில் பள்ளியில் ஒரு மணி நேரம் இடம் கிடைத்தாலே போதுமானதாக இருக்கலாம்.

மதிப்பீட்டிற்கான வினாக்கள்

1. போல்ட்டுகள் அனைத்தும் கழன்ற பின்னும் ஒரு மூடி வரவில்லை. நீங்கள் பார்க்கும் மூன்று காரணங்களை வரிசைப்படுத்துக.
2. 20 செ.மீ. ஸ்பேனரில் 10 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் பெற எவ்வளவு விசை தேவை?
3. கடைசி இரண்டு போல்ட்டுகளை முழுவதும் கழற்றாமல் விட்டுவைப்பது ஏன்?
4. உங்கள் வீட்டுத் தொழிலில் விசையைக் கூட்டாமல் விடுவிக்கும் ஒரு செயலைப் பெற்றோரிடம் கேட்டு எழுதுக. அதில் செயல்படும் அறிவியல் கருத்தைக் குறிப்பிடுக.

நான்காம் வினாவிற்கு வரும் விடைகளைத் தொகுத்து வையுங்கள். அடுத்த ஆண்டுக்கான எடுத்துக்காட்டுகள் அவற்றிலேயே கிடைத்துவிடும்.