வீடு விற்குமுன் தரகைப் பேசுங்கள்

சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசும் நாம், வீட்டு முகவர் சொல்லும் தரகை மட்டும் மறுபேச்சின்றி ஏற்றுவிடுகிறோம். பக்குரங்காவில் வீடு விற்க எண்ணும் அன்பர்களே, நியூசிலாந்தில் தரகின் வீதத்தைச் சட்டம் நிர்ணயிப்பதில்லை. அது பேசித் தீர்மானிப்பது.

உதாரணமாக, முதல் 4 இலட்சம் டொலருக்கு 3.95 வீதம், மிகுதிக்கு 2 வீதம் எனக் கொள்வோம். வீடு 10 இலட்சத்துக்கு விற்றால்:

15,800 + 12,000 = 27,800 டொலர்.
15 வீத ஜீ.எஸ்.ரி. சேர்த்து 31,970 டொலர்.

விளம்பரச் செலவு பெரும்பாலும் புறம்பானது, அதையும் கேளுங்கள்.

இக்கணக்கில் முகவர் மேலும் 20,000 டொலர் பெற்றுத் தந்தாலும் வரிக்கு முன் தரகு 400 டொலரே கூடும். ஆகவே எதிர்பார்க்கும் விலை வரை குறைந்த வீதமும், அதற்கு மேல் கூடிய வீதமும் பேசிப் பாருங்கள். இரண்டு மூன்று முகவர்களை ஒப்பிடுங்கள்.

விதிப்படி, கையெழுத்துக்கு முன்பே உத்தேசத் தரகை முகவர் டொலரில் எழுதித் தரவேண்டும். தனி முகவர் ஒப்பந்தமாயின், பிரதி கிடைத்த மறு வேலைநாள் மாலை 5 மணிக்குள் எழுத்துமூலம் ரத்துச் செய்யலாம். அது நடைமுறையிலிருக்க இன்னொரு நிறுவனத்துடனும் ஒப்பந்தம் செய்தால் இரட்டைத் தரகு கட்ட நேரலாம்.

கேட்பதில் வெட்கம் வேண்டாம். கையெழுத்திட்ட பின் பேரத்துக்கு இடமில்லை.