மேப்பிள் மரங்களும் பார்வை நூல்களும்

பாடநூலை முதலிலிருந்து முடிவு வரை படிக்கிறோம். பார்வை நூலிடமோ ஒரு கேள்வியோடு செல்கிறோம். எந்தக் கேள்விக்கு எந்த நூல் என்று தெரியாவிட்டால், நூலகம் நிறைய நூல்கள் இருந்தும் பயனில்லை. சில வேளைகளில் தவறான விடையே கிடைத்துவிடும். வட அமெரிக்காவின் இயற்கை மரங்களான மேப்பிள்களைக் கொண்டு இதனை விளக்கலாம்.

முதற்கண் பெயர். லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட 'ஸ்பீஷீஸ் பிளாண்டாரம்' நூலில் 'ஏசர் சாக்கரினம்' என்னும் பெயர் உள்ளது. சர்க்கரையைக் குறிக்கும் இப்பெயர் இன்று வெள்ளி மேப்பிளுக்கு உரியது. இனிப்புப் பாகு தரும் மரங்களுள் தலையாயதான சர்க்கரை மேப்பிளின் பெயரோ 'ஏசர் சாக்கரம்'. இதனை 1785இல் வழங்கியவர் ஹம்ப்ரி மார்ஷல். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 19ஆம் நூற்றாண்டு நூல்கள் பலவற்றில் சர்க்கரை மேப்பிளே 'ஏசர் சாக்கரினம்' என்று எழுதப்பட்டிருக்கும். பெயரை மட்டும் நம்பிப் பழைய நூலைப் புரட்டும் மாணவன் ஒரு மரத்தின் செய்திகளை வேறொரு மரத்தின் மீது ஏற்றிவிடுவான். ஆதலால் இனப்பெயரின் பின்னால் நிற்கும், பெயரிட்டவரின் பெயரையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது உருவம். எதிரெதிராக அமைந்த இலைகளும் இரட்டைச் சிறகுள்ள கனியும் மேப்பிளின் அடையாளங்கள். கைவிரல் போலப் பிளவுபட்ட இலையை மட்டும் தேடினால் ஏமாற நேரும். 'ஏசர் நெகுண்டோ' என்னும் மேப்பிளுக்குக் கூட்டிலை உண்டு. நம் நொச்சியின் பெயரும் 'வைடெக்ஸ் நெகுண்டோ' அன்றோ! இலைகளின் ஒற்றுமை கருதியே நொச்சியின் பெயர் அம்மரத்திற்குச் சென்றது. இத்தகைய உருவ விவரங்களுக்கு சார்லஸ் ஸ்பிரேக் சார்ஜன்ட் 1891 முதல் 1902 வரை 14 தொகுதிகளாக வெளியிட்ட 'வட அமெரிக்க மரங்கள்' என்னும் பெருநூல் சிறந்தது. அதில் ஃபாக்சன் வரைந்த படங்கள் இன்றும் பயன்படுவன.

மூன்றாவது, இயற்கையாக வளரும் இடம். வட அமெரிக்கத் தெருக்களில் காணும் நார்வே மேப்பிள் ஐரோப்பாவிலிருந்து சென்ற மரம். பார்வைக்குச் சர்க்கரை மேப்பிளை ஒத்திருக்கும். இலைக்காம்பை ஒடித்தால் நார்வே மேப்பிளில் பால் வடியும். சர்க்கரை மேப்பிளில் அவ்வாறு வடியாது. ஓரிடத்தில் காணப்படுவதாலேயே ஒரு மரம் அந்நாட்டிற்கு உரியதாகிவிடாது. எல்பர்ட் லிட்டில் தொகுத்த அமெரிக்க மர வரைபட ஏட்டின் முதல் தொகுதி 1971இல் வெளிவந்தது. சர்க்கரை மேப்பிள் இயற்கையாகப் பரவியுள்ள எல்லையை அதிற் காணலாம்.

நான்காவது, வளரும் முறை. வெள்ளி மேப்பிளின் விதை வசந்தத்தில் முற்றி உடனே முளைக்கும். சர்க்கரை மேப்பிளின் விதை இலையுதிர் காலத்தில் முற்றி, குளிர்காலம் கழிந்தே முளைக்கும். இதன் நாற்று நிழலையும் தாங்கி வளரும். இவ்வகைச் செய்திகளுக்கு அமெரிக்க வனத்துறை 1990இல் வெளியிட்ட மரவியல் கையேட்டின் இரண்டாம் தொகுதியை நாட வேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பழைய நூல்கள் மேப்பிளை 'ஏசரேசி' என்னும் தனிக் குடும்பமாகக் காட்டும். இன்றைய வகைப்பாட்டில் அது 'சாப்பிண்டேசி' குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வேலியில் படரும் முடக்கத்தானும் பூந்திக்கொட்டை மரமும் அக்குடும்பத்தினவே. எனவே படத்திற்குப் பழைய நூல், வகைப்பாட்டிற்குப் புதிய நூல் என்று பிரித்தறிந்து கொள்க.

நூல்கள் ஒன்றையொன்று திருத்துவன. ஒரே நூலோடு நிற்பவன் அந்நூலின் பிழையையும் சேர்த்தே கற்கிறான். ஒரு செய்தியைக் குறிக்கும்போது நூலின் பெயரோடு அது வெளிவந்த ஆண்டையும் எழுதி வைக்கும் பழக்கம், மாணவரை இப்பிழையிலிருந்து காக்கும்.