மேலிருந்து எடுத்த படத்தில் குண்டுக் குழியை அறிதல்

கூட்டத்தில் உங்கள் ஊரின் செய்மதிப் படத்தையோ விமானப் படத்தையோ விரித்து வைத்தால், முதலில் கோயில், குளம், றோட்டு என்று தெரிந்த இடங்களைப் பிடியுங்கள். அங்கிருந்து உங்கள் வளவுக்கு வாருங்கள். 2009இலோ அதையடுத்தோ எடுத்த படமானால் வட்ட வட்டமான அடையாளங்கள் கண்ணில் படலாம். எல்லாமே குண்டுக் குழிகள் அல்ல.

கிணறும் வட்டம்தான். ஆனால் கிணற்றுக்கு ஒற்றையடிப் பாதை போகும். சீமெந்துக் கட்டு வெள்ளையாகத் தெரியும். துரவு வெட்டிய மண் ஒரு பக்கமாகக் குவிந்து கிடக்கும். குண்டு கிளப்பிய மண் நாலாபக்கமும் சிதறி, குழியைச் சுற்றி வெளிறிய வளையமாகத் தெரியும். நீங்கள் வெட்டிய பங்கர் நீளமாகவோ 'ட' வடிவிலோ வீட்டை ஒட்டி இருக்கும்.

குழியா மேடா என்று சந்தேகமானால் நிழலைப் பாருங்கள். காலையில் எடுத்த படத்தில், குழியென்றால் கிழக்கு உட்புறம் இருண்டிருக்கும். புற்று அல்லது மண்மேடு என்றால் மேற்குப் பக்கம் இருளும். மாரிக்காலப் படத்தில் குழிகள் தண்ணீர் நிறைந்து கறுப்புப் பொட்டாகத் தெரியலாம். சிறிய எறிகணைக் குழிகள் மணல் நிலத்தில் விரைவில் தூர்ந்துவிடும். அவற்றைப் படத்தில் தேடிப் பயனில்லை.

விமானம் தொடராகப் போட்ட குண்டுகளின் குழிகள் பெரும்பாலும் ஒரே கோட்டில் இருக்கும். அந்த வரிசையின் நடுவே ஓரிடம் வெறுமையாக இருந்தால் அதைத்தான் கவனிக்கவேண்டும். அங்கே விழுந்த குண்டு வெடிக்காமல் மண்ணுக்குள் போயிருக்கலாம். அது புகுந்த துளை சிறியது. புல் மூடினால் நேரில் நின்றாலும் தெரியாது. இரண்டாம் உலகப் போரில் எடுத்த விமானப் படங்களை வைத்து ஜேர்மனியில் இன்றும் வெடிக்காத குண்டுகளைத் தேடுகிறார்கள்.

ஆகவே படத்தில் குழியில்லாத காணியை ஆபத்தில்லாத காணி என்று எண்ணவேண்டாம். புதைத்த மிதிவெடியும் இந்தப் படங்களில் தெரியாது.

படத்தில் தெரியாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. அன்று எத்தனை சத்தம் கேட்டது, விமானம் எந்தப் பக்கமிருந்து வந்தது, எது விழுந்தும் வெடிக்கவில்லை என்று வீட்டிலுள்ள முதியவர்களிடம் கேளுங்கள். சந்தேகமான இடத்தைப் படத்தில் பென்சிலால் வட்டமிட்டு, கிராம அலுவலரிடமோ மிதிவெடி அகற்றும் பிரிவினரிடமோ கொடுங்கள். நேரில் போய்ப் பார்க்கவேண்டாம். அது அவர்களுடைய வேலை.

அவர்கள் பார்த்துச் சொல்லும்வரை குழிக்குள் குப்பை எரிக்கவோ, உழவு இயந்திரத்தால் மண் தள்ளி மூடவோ வேண்டாம். மாரியில் பிள்ளைகளை அதில் குளிக்க விடாதீர்கள். வெடிபொருள் எதையாவது கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, 119க்கு அழைத்துப் பொலிஸாருக்கு அறிவியுங்கள்.